தரம்பாலும் 18ஆம் நூற்றாண்டுத் தொழில்நுட்பமும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பழைய இந்தியத் தொழில்நுட்பம் பற்றிப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் தரம்பால் பெயரை இழுக்காமல் இருப்பதில்லை. இழுப்பவர்களில் பாதிப்பேர் அவர் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்கிறார்கள். மறுக்கிறவர்களில் பாதிப்பேர் அவர் புத்தகத்தைத் திறந்ததில்லை. இரு தரப்பிலிருந்தும் அடிக்கடி வரும் சந்தேகங்கள் இங்கே, கேட்டவர்களின் வார்த்தையிலேயே.

தரம்பால் யாருங்க? விஞ்ஞானியா, காந்தியவாதியா, வரலாற்று ஆசிரியரா?

காந்தியவாதி. வரலாற்று ஆய்வாளர் ஆனது பிற்பாடு. 1922இல் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் மேற்கில் உள்ள காந்த்லா என்ற ஊரில் பிறந்தார். கல்லூரியில் இயற்பியல் படிக்கப் போனவர் 1940இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சுதந்திரப் போராட்டத்துக்கு வந்தார். 1943இல் சில வாரம் சிறை. அடுத்த ஆண்டு முதல் காந்தியின் சீடரான மீராபென் ஹரித்வார் பக்கம் நடத்திய ஆசிரமத்தில் வேலை. 1949இல் ஃபிலிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். 2006 அக்டோபர் 24 அன்று சேவாகிராமத்தில் காலமானார்.

வரலாற்றில் அவருக்குப் பட்டம் கிடையாது, எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் நாற்காலி கிடையாது. இதையே சிலர் குறையாகவும் சிலர் தகுதியாகவும் சொல்வார்கள். இரண்டும் மிகை. அவர் வெளியிட்டவற்றில் பெரும்பகுதி மூல ஆவணம். அதை எடைபோட வேண்டியது ஆவணத்தை வைத்துத்தான்.

கிராம வேலை செய்துகிட்டிருந்தவர் காப்பகத்துக்குள்ள எப்படிப் போனார்? சென்னைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

பஞ்சாயத்து வழியாகப் போனார். 1958 முதல் 1964 வரை கிராம வளர்ச்சித் தன்னார்வ அமைப்புகளின் கூட்டமைப்பு ஒன்றுக்குப் பொதுச்செயலாளராக இருந்தார். அதன் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண். சுதந்திர இந்தியாவின் பஞ்சாயத்துகள் ஏன் ஓடவில்லை என்ற கேள்வியோடு முதலில் அரசியல் நிர்ணய சபையின் விவாதங்களைத் தோண்டி 1962இல் ஒரு தொகுப்புக் கொண்டுவந்தார். பிறகு சென்னை மாகாணப் பஞ்சாயத்துகளைப் பார்க்க 1964 வாக்கில் இங்கே வந்தார்.

எழும்பூரில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் பழைய வருவாய்த் துறைக் கட்டுகளைப் புரட்டும்போதுதான் கேள்வியே மாறியது. கிராமங்கள் தம் ஏரியையும் கோயிலையும் பள்ளியையும் கணக்குப்பிள்ளையையும் எந்த வருமானத்தைக் கொண்டு நடத்தின, அந்த வருமானம் எப்போது கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், கைக்குப் போனது என்று கேட்கத் தொடங்கினார். பள்ளி, இரும்பு, அம்மை, விதைக்கலப்பை என்று அவர் பிறகு தொட்ட அத்தனையும் இந்தக் கேள்வியின் கிளைகள். ஆக அவர் வரலாற்றுக்குள் நுழைந்த வாசல் எழும்பூர் வாசல்.

லண்டன்ல பல வருஷம் இருந்தாராமே, அங்க என்ன செய்தார்?

1966 முதல் 1980களின் தொடக்கம் வரை பெரும்பாலும் லண்டனில்தான். அன்றைய இந்தியா ஆபீஸ் நூலகத்திலும் மற்றக் காப்பகங்களிலும் நாள்தோறும் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் பிரதி எடுக்கக் காசு இல்லாததால் கையால் எழுதி எடுத்து, பிறகு தட்டச்சு செய்வார். இப்படி ஆயிரக்கணக்கான பக்கங்கள் சேர்ந்தன.

சென்னையில் இருக்கிற ஆவணத்துக்கு லண்டன் ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மாகாண அரசு எடுத்த முடிவுகளின் நகல் கப்பலில் லண்டனுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஒரே விஷயம் பற்றி மாவட்டக் கலெக்டர் எழுதியது, வருவாய் வாரியம் அதைச் சுருக்கியது, லண்டனில் இருந்த கும்பினி இயக்குநர்கள் அதற்குப் பதில் சொன்னது ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க அங்கேதான் வசதி. சுருக்கும்போது எது விழுந்துபோனது என்பது அப்படிப் படித்தால்தான் கண்ணில் படும்.

1971 புத்தகத்துல என்னதான் இருக்கு? அவர் எழுதினதா, தொகுத்ததா?

தொகுத்தது. '18ஆம் நூற்றாண்டில் இந்திய அறிவியலும் தொழில்நுட்பமும்' என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. தரம்பாலின் கை தெரிவது நீண்ட முன்னுரையில். மீதி முழுக்க 17 கட்டுரைகள், ஐரோப்பியர்கள் எழுதியவை. முதல் ஆறு வானியலும் கணிதமும்: காசி வான்நோக்குக் கூடம் பற்றி ராபர்ட் பார்க்கர் 1777இல் எழுதியது, இந்திய வானியல் அட்டவணைகளைப் பற்றி ஜான் பிளேஃபேர் எழுதியது போன்றவை. அடுத்த பதினொன்றும் தொழில்நுட்பம்: அம்மை குத்துதல், சென்னைச் சுண்ணாம்புச் சாந்து, பனிக்கட்டி, சணப்புக் காகிதம், வேளாண்மை, விதைக்கலப்பை, இரும்பு, பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் லண்டனுக்கு எழுதிய கடிதங்கள்.

வானியல் பகுதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். உண்மையில் விஷயம் கனமாக இருப்பது பின்பாதியில்.

வெள்ளைக்காரன் எழுதினதை வெச்சு நம்ம பெருமையைப் பேசறது முரண் இல்லையா?

எழுதியவர்களின் காலத்தைப் பாருங்கள். 1730க்கும் 1800க்கும் இடையில் எழுதியவர்களில் பலர் ஒரு முறையைக் கற்றுக்கொண்டு தம் நாட்டிலோ மற்றக் குடியேற்றங்களிலோ பயன்படுத்த நினைத்தவர்கள். சாந்துக் குறிப்பை லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்குத் தந்த ஐசக் பைக், செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநர். அவருக்குக் கட்டடம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இந்தியாவைப் புகழவோ இகழவோ அந்தக் குறிப்பில் அவருக்கு ஒரு காரணமும் இல்லை. 1820க்குப் பிறகு எழுதியவர்களின் தொனி மாறுகிறது. இந்த மாற்றத்தையே தரம்பால் ஒரு சான்றாக எடுத்துக்கொண்டார்.

இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. பார்த்து எழுதியவருக்கு மொழி முழுதாகத் தெரியாது. வேலை செய்த கொத்தனாரோ கொல்லரோ தன் வாயால் பேசுவது ஒரு கட்டுரையிலும் இல்லை. எது விட்டுப்போயிற்று என்று பார்ப்பது வாசகரின் வேலை.

மெட்ராஸ் சாந்து பத்தி அளவோட சொல்ல முடியுமா?

முடியும். 1732இல் அச்சான பைக்கின் குறிப்பு இப்படிப் போகிறது. சலித்த குழிமணல் 15 புஷல், கல் சுண்ணாம்பு 15 புஷல். ஒரு புஷல் சுமார் 35 லிட்டர் என்பதால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 530 லிட்டர். தண்ணீர் விட்டு நீற்றி, இரண்டு மூன்று நாள் சேர்த்துப் போட்டுவைக்க வேண்டும். பிறகு 20 பவுண்டு வெல்லத்தை, அதாவது 9 கிலோவை, தண்ணீரில் கரைத்துத் தெளித்து, நன்றாகக் கலக்கும்வரை அடித்து, குவித்து வைக்க வேண்டும்.

அடுத்தது கஷாயம். ஒரு பெக், அதாவது 9 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக, கொள்ளு போன்ற பயறு. அதே அளவு கடுக்காய். இரண்டையும் கூழாகும்வரை வேகவைத்து முரட்டுத் துணியில் வடித்து அந்த நீரை எடுத்துக்கொள்ள வேண்டும். சாந்து காயக் காய இந்த நீரைத் தெளித்து அடிக்க வேண்டும். செங்கல்லையும் இதில் நனைத்துத்தான் வைக்க வேண்டும். கஷாயத்தில் கொஞ்சம் சுண்ணாம்பைப் போட்டுவிடுவார்கள் என்றும் பைக் எழுதுகிறார். எதற்கு? சித்தாள்கள் அதைக் குடித்துவிடாமல் இருக்க. வெந்த பயற்றுநீர் வேலைக்களத்தில் சும்மா இருந்தால் பசித்தவர் குடிக்கத்தானே செய்வார். அன்றைய கூலி நிலவரம் பற்றி இந்த ஒரு வரி சொல்வதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

இணைப்பு தடிமனாக இருக்கக் கூடாது, ஆனால் ஒரு சந்துகூட நிரம்பாமல் விடக் கூடாது. சாப்பாட்டு நேரம் வேலை நின்றிருந்தாலும், திரும்பத் தொடங்குமுன் பழைய வரிசைமீது அகப்பையால் கஷாயத்தை ஊற்றி நனைக்க வேண்டும். பூச்சுவேலைக்குத் தனிக் கலவை. அதில் முட்டை வெள்ளைக்கரு, நெய், மோர் சேரும்.

அதே அளவுல இன்னிக்குக் கலந்தா வருமா?

மேலே உள்ள அளவில் முதலில் கவனிக்க வேண்டியது வெல்லம் எவ்வளவு குறைவு என்பது. கலவையின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குகூட வராது. இப்போது பழைய முறை என்று சொல்லிக் கைக்கு வந்தபடி வெல்லப்பாகை ஊற்றுகிறார்கள். சர்க்கரை சுண்ணாம்பை நீரில் கூடுதலாகக் கரையவைக்கும், சாந்தை இளக்கமாக்கும், இறுகுவதைத் தாமதிக்கும். மிஞ்சினால் சாந்து நாள்கணக்கில் பிசுபிசுவென்றே கிடக்கும். மழைக்காலமாக இருந்தால் பூஞ்சையும் பிடிக்கும்.

அடுத்த தவறு சுண்ணாம்பில். கடையில் மூட்டையாக விற்கும் நீற்றிய பொடி பழசாக இருந்தால், காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்கெனவே உறிஞ்சி உயிர் போயிருக்கும். சுட்ட கல்லைக் களத்திலேயே நீற்றினால்தான் பிடிப்பு. மூன்றாவது, அடிப்பது. பைக் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது இதைத்தான். அடிக்காமல் தண்ணீர் விட்டு இளக்கினால், காயும்போது நீர் போன இடமெல்லாம் வெடிப்பாகும். சுண்ணாம்பு மேலிருந்து உள்நோக்கி மெதுவாகத்தான் இறுகும். சிமெண்டைப்போல 28 நாள் கணக்கு இதற்குப் பொருந்தாது.

வெயில் கொளுத்துற நாட்டுல ஐஸ் செஞ்சாங்களாமே, நம்பற மாதிரியா இருக்கு?

நம்பலாம். இயற்பியல் சரியாக இருக்கிறது. ஆனால் இது அலகாபாத்துக்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்ட வட இந்தியச் சமவெளியின் கதை. அதுவும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும். 1775இல் இதை விவரித்தவர் மேலே சொன்ன அதே ராபர்ட் பார்க்கர். திறந்த வெளியில் 30 அடிச் சதுரத்தில் 2 அடி ஆழக் குழி. அடியில் காய்ந்த கரும்புச் சோகை அல்லது சோளத்தட்டை 8 அங்குலம் முதல் ஓரடி வரை பரப்புவார்கள். அதன்மேல் மெருகிடாத மண் தட்டுகளை நெருக்கமாக அடுக்குவார்கள். தட்டின் கனம் கால் அங்குலம், ஆழம் ஒன்றேகால் அங்குலம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் பொழுது சாயும்போது ஊற்றிவிட்டு, விடியுமுன் வந்து ஐஸை அள்ளுவார்கள்.

மேகமில்லாத இரவில் நீரின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசி இழக்கிறது. மண் தட்டின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகி இன்னும் குளிர்விக்கிறது. சோகை கீழிருந்து தரையின் சூடு ஏறவிடாமல் தடுக்கிறது. ஆகவே காற்று உறையும் குளிருக்கு இறங்காத இரவிலும் தட்டில் ஐஸ் கட்டும். மேகம் மூடினாலோ காற்று வீசினாலோ அன்றைக்குக் கூலி நஷ்டம்தான். அள்ளியதை ஆழமான குழியில் வைக்கோலும் கம்பளியும் சுற்றிச் சேமித்தார்கள்.

சென்னையில் இது சாத்தியமே இல்லை. அதனால்தான் அமெரிக்காவிலிருந்து ஏரி ஐஸ் கப்பலில் வந்தது. 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் கடற்கரையில் இன்னும் நிற்கிறது.

தடுப்பூசியை நாமதான் கண்டுபிடிச்சோம்னு தரம்பால் நிரூபிச்சிட்டாராமே?

இல்லை. அவர் வெளியிட்டது அம்மை குத்துதல் பற்றி. தடுப்பூசி வேறு. அம்மை குத்துவது என்றால் பெரியம்மைப் பொருளையே சிறிதளவு தோலில் ஏற்றி லேசான நோயை வரவழைப்பது. 1796இல் ஜென்னர் செய்தது மாட்டம்மைப் பொருளை ஏற்றியது. அம்மை குத்துதல் சீனாவிலும் துருக்கியிலும் இருந்தது. துருக்கி வழியாகத்தான் 1721இல் இங்கிலாந்துக்கே போயிற்று.

வங்காள முறையை ஹால்வெல் 1767இல் விவரித்தார். குத்துகிறவர்கள் மூன்று நான்கு பேராகப் பிரிந்து, நோய்க்காலம் தொடங்குமுன் ஊர்களுக்கு வருவார்கள். குத்திக்கொள்பவர் ஒரு மாதம் முன்பே மீன், பால், நெய்யை விட்டிருக்க வேண்டும். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே வெளிப்புறத்தில் கீறி, முந்தைய ஆண்டு எடுத்துவைத்த பொருளில் தோய்த்த பஞ்சைக் கங்கை நீரில் நனைத்து வைத்து, ஆறு மணி நேரம் கட்டிவைப்பார்கள். மறுநாள் முதல் காய்ச்சல் வரும்வரை காலையும் மாலையும் தலையில் குளிர்ந்த நீர் ஊற்றுவார்கள். புதுப் பொருளை விட்டுப் பழையதை எடுத்ததுதான் இதில் நுட்பம். ஓராண்டு கிடந்ததில் வீரியம் தணிந்திருக்கும்.

ஆபத்தும் இங்கேதான். குத்திக்கொண்டவரிடமிருந்து நோய் பக்கத்து வீட்டுக்குத் தொற்றும். ஊர் முழுக்க ஒரே சமயத்தில் குத்தினால்தான் காப்பு. பாதிப்பேர் விட்டுப்போனால் அதுவே கொள்ளைநோய்க்கு விதை. வங்காளத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறைக்குத் தடை வந்தது, ஆனால் எல்லோருக்கும் தடுப்பூசி போட அரசிடம் ஏற்பாடு இல்லை, இடையில் மாட்டிக்கொண்டவர்கள் செத்தார்கள் என்பதே தரம்பாலின் வாதம். இது 'நாமே முதல்' என்று மார்தட்டும் வாதத்தைவிட வலுவானது.

சேலத்து இரும்பு, 10,000 உலைன்னு ஒரு கணக்கு சொல்றாங்களே, சரியா?

முன்னுரையில் தரம்பால் தோராயமாகப் போட்ட கணக்கு அது. நாடு முழுக்க 10,000 உலைகள் இருந்திருக்கலாம். வாரம் அரை டன் வீதம் ஆண்டுக்கு 35 முதல் 40 வாரம் ஓடினால் உலைக்கு 20 டன். பெருக்கினால் 2 லட்சம் டன். யாரும் எண்ணிப் பார்த்துச் சொன்ன எண் இல்லை இது. 1788இல் பிரிட்டன் முழுக்க வார்ப்பிரும்பு உற்பத்தி சுமார் 68,000 டன். அதைப்போல மூன்று பங்கு இரும்பு இங்கே ஆண்டுதோறும் உருவானது என்றால், அது போன இடமும் அதற்கு எரிந்த கரியும் தெரிய வேண்டும். அவர் புத்தகத்தில் மிகப் பலவீனமான இடம் இது. மிக அதிகமாகப் பரவியதும் இதுதான்.

அதே புத்தகத்தில் உள்ள உலை விவரிப்புகள் பலமானவை. மத்திய இந்திய உலைகளை 1829இல் ஃபிராங்க்ளின் அங்குலம் அங்குலமாக அளந்தார். தென்னிந்திய இரும்பைப் பற்றி கேம்ப்பெல் 1842இல் எழுதினார். அடிப்படை எல்லா இடத்திலும் ஒன்றே: மண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, களிமண் ஊதுகுழல், அடுக்கடுக்காகக் கரியும் தாதும். இரும்பு உருகாது, பஞ்சுபோன்ற கட்டியாக அடியில் சேரும். உலையின் முன்பக்கத்தை உடைத்து இழுத்துச் சம்மட்டியால் அடித்துச் சிட்டத்தை, அதாவது தாதுக் கழிவை, பிதுக்க வேண்டும். ஊதுகுழல் மூக்கில் சிட்டம் அடைத்துக்கொண்டால் காற்று நின்று அன்றைய கரி வீண். உலையைப் பெரிதாகக் கட்டவும் வழியில்லை, தோல் துருத்தியின் காற்று நடுவரை எட்டாது.

சேலத்து உருக்கு இதற்கு அடுத்த படி. பரங்கிப்பேட்டையில் 1830களில் இரும்பாலை நடத்திய ஹீத் எழுதிய குறிப்பு தரம்பால் தொகுப்பில் இல்லை, ஆனால் சேர்த்துப் படிக்க வேண்டியது. அடித்த இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்குச்சியை மூசை என்ற களிமண் குவளையில் போட்டு, எருக்கிலை போன்ற பச்சிலையால் மூடி, களிமண்ணால் வாயை அடைத்து, இருபதுக்குமேல் மூசைகளை ஒரே உலையில் வளைவாக அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். குச்சியின் கரிதான் இரும்பில் ஏறி உருக்காகிறது. மூடி சரியாக அடையாவிட்டால் கரி எரிந்துபோய் இரும்பு இரும்பாகவே நிற்கும்.

இவ்வளவு இருந்தது ஏன் நின்னுபோச்சு? வெள்ளைக்காரன் கையை வெட்டினானா?

கையை வெட்டிய கதையை விடுங்கள், அது வங்க நெசவாளர்களைப் பற்றிய வேறு சங்கதி. இரும்பு நின்றதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. கல்கரியில் உருக்கிய ஆங்கில இரும்பு கப்பலில் மலிவாக வந்து இறங்கியது. ரயில்பாதை வந்ததும் அது உள்ளூர்ச் சந்தைவரை போயிற்று. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தபின் கரி சுடக் காடு எளிதில் கிடைக்கவில்லை. கரி இல்லாவிட்டால் மேலே சொன்ன உலைக்கு வேலை இல்லை.

தரம்பால் இதற்கும் முந்தைய ஒன்றைச் சேர்க்கிறார். ஊர் வருமானத்தில் கொல்லருக்கும் தச்சருக்கும் வாத்தியாருக்கும் ஒதுங்கியிருந்த பங்கும் மானியமும் கும்பினியின் வரிக்குள் போய்விட்டன. அதன்பின் தொழில் முழுக்கச் சந்தையை நம்பி நிற்க வேண்டியதாயிற்று. சந்தையோ ஏற்கெனவே கை மாறிக்கொண்டிருந்தது.

தரம்பாலோட 'அழகிய மரம்' படிச்சா, அந்தக் காலத்துல எல்லா சாதியும் பள்ளிக்கூடம் போச்சுன்னு தெரியுதாமே?

அப்படி அந்தப் புத்தகம் காட்டவில்லை. காட்டுவதே போதுமான அதிர்ச்சிதான். சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூனில் எல்லா மாவட்டக் கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்கு கேட்டார். பதில்களைச் சேர்த்து 1826 மார்ச்சில் எழுதினார்: மாகாணத்தில் 12,498 பள்ளிகள், மக்கள்தொகை 1,28,50,941. வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் படிக்கும் வயதுச் சிறுவர்களில் மூன்றில் ஒருவருக்கு நெருக்கமாகக் கல்வி கிடைக்கிறது என்பது அவர் மதிப்பீடு. சென்னை நகரத்திலிருந்து வந்த கணக்கில் வீட்டில் படித்தவர்கள் பள்ளியில் படித்தவர்களைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. தரம்பால் 1983இல் இந்தக் கலெக்டர் பதில்களை மொத்தமாக அச்சிட்டார். தலைப்பு, 1931இல் லண்டனில் காந்தி பேசிய பேச்சிலிருந்து எடுத்தது.

தமிழ் மாவட்டங்களின் அட்டவணையில் சூத்திரரும் 'மற்றச் சாதியரும்' சேர்ந்து மாணவர்களில் பெரும்பங்கு. சேலம், திருநெல்வேலியில் நூற்றுக்கு 70 வாக்கில் தொடங்கித் தென்னார்க்காட்டில் 84க்கு மேல் போகிறது. பிராமணர் மட்டுமே படித்தார்கள் என்ற பொதுப்பேச்சை இது உடைக்கிறது. ஆனால் 'மற்றச் சாதியர்' என்பதற்குள் யார் யார் என்று படிவம் பிரித்துக் கேட்கவில்லை. ஆகவே தீண்டாமைக்கு ஆளான சாதிப் பிள்ளைகள் திண்ணைப் பள்ளிக்குள் உட்கார்ந்தார்கள் என்பதற்கு இதைச் சான்றாக நீட்ட முடியாது. மலபார் போன்ற ஓரிரு இடம் தவிர்த்துப் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை மிகச் சொற்பம். பெருமைக்கு இந்த அட்டவணையைக் காட்டுபவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

மெக்காலே பிரிட்டிஷ் பார்லிமெண்ட்ல 'இந்தியா முழுக்கச் சுத்தினேன், ஒரு பிச்சைக்காரனைக்கூடப் பார்க்கலை'ன்னு பேசினதும் தரம்பால் எடுத்துக் கொடுத்ததுதானே?

கிடையாது. அந்த வாசகமே போலி. அதில் போடும் தேதி 1835 பிப்ரவரி 2. அன்றைக்கு மெக்காலே லண்டனில் இல்லை, கல்கத்தாவில் இருந்தார். 1834 ஜூனில் சென்னையில் கப்பலிறங்கி, ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரல் பென்டிங்கைப் பார்த்து, அங்கிருந்து கல்கத்தா போனவர். அந்தத் தேதியில் அவர் எழுதிய கல்விக் குறிப்பு உண்மையானது; அதில் இந்தப் புகழ்ச்சி ஒரு வரிகூட இல்லை, நேர்மாறான இளப்பம்தான் இருக்கிறது. மெக்காலேயைக் குறை சொல்ல அந்த உண்மையான குறிப்பே தாராளம்.

செங்கல்பட்டு ஓலைக் கணக்குன்னு ஒண்ணு சொல்வாங்களே, அது என்ன?

சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டு ஜாகீர் என்ற வருவாய்ப் பகுதியில் ஏறத்தாழ 2,000 கிராமங்களை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற கும்பினிப் பொறியாளர் கணக்கெடுத்தார். எந்த ஊரில் எத்தனை வீடு, எந்தத் தொழிலாளிக்கு எவ்வளவு மானியம், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஊர்வாரியாக இருக்கிறது. இதன் அருமையைத் தரம்பால் காப்பகத்தில் கண்டு சொன்னார். சென்னையில் இருந்த இளம் அறிவியலாளர்கள் சிலர் அதை எடுத்துக்கொண்டு, ஆதாரமான தமிழ் ஓலைக் கணக்குகளையும் தேடி ஆய்ந்தார்கள்.

தொழில்நுட்ப வரலாற்றுக்கு இதன் பயன் நேரடியானது. ஒரு கிராமத்தில் கொல்லருக்கும் தச்சருக்கும் ஏரி பார்ப்பவருக்கும் எத்தனை கலம் நெல் ஒதுக்கினார்கள் என்று தெரிந்தால், அந்தத் தொழில் எதை நம்பி நடந்தது என்று தெரிந்துவிடும். மேலே 'ஏன் நின்னுபோச்சு' என்ற கேள்விக்கான பதிலின் இரண்டாம் பத்தி நிற்பது இந்த வகைக் கணக்கின்மேல்தான்.

அவர் எந்தக் கட்சி ஆளு?

கட்சி இல்லை. 1962 நவம்பரில், சீனப் போரில் தோற்ற சமயம், நேரு விலக வேண்டும் என்று எம்.பி.க்களுக்குத் திறந்த மடல் எழுதி நண்பர்கள் இருவருடன் சிறை போனவர். 2001இல் வாஜ்பாய் அரசு அமைத்த தேசியக் கால்நடை ஆணையத்துக்குத் தலைவராகவும் இருந்தார். கடைசிக் காலத்தில் இந்துத்துவ அமைப்புகள் அவரைத் தூக்கிப் பிடித்தன. அதை வைத்து 1971 தொகுப்பை ஒதுக்குவதும் சரியில்லை, அதை வைத்தே ஏற்பதும் சரியில்லை. பைக்கின் சாந்து அளவுக்கு எந்தக் கட்சியும் இல்லை.

எங்கேருந்து படிக்க ஆரம்பிக்கலாம்? சரிபார்க்கணும்னா எப்படி?

1971 தொகுப்பை எடுத்து முன்னுரையைத் தாண்டிப் பின்பாதிக்குப் போங்கள். சாந்து, ஐஸ், இரும்பு என்ற வரிசையில் படித்தால் பிடி கிடைக்கும். முன்னுரையைக் கடைசியில் படித்தால், எங்கே அவர் ஆவணத்தோடு நிற்கிறார், எங்கே தாண்டுகிறார் என்று உங்களுக்கே தெரியும். அதன்பின் 'அழகிய மர'த்தில் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய நீண்ட பதில். 533 பள்ளிகளின் கணக்கோடு, பள்ளிகள் ஏன் மூடுகின்றன என்பதையும், மக்களிடம் காசு வற்றியதால் என்று, ஒரு கும்பினி அதிகாரியே ஒப்புக்கொள்ளும் இடம் அது. இவர் மேலே வந்த இரும்பு கேம்ப்பெல் அல்ல. இருவரையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

சரிபார்க்க எழும்பூர் காப்பகத்துக்குப் போவதென்றால், பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒன்றும் வராது. 'இரும்பு' என்றோ 'பள்ளி' என்றோ கட்டு கிடையாது. துறை, ஆண்டு, நடவடிக்கை நாள் ஆகிய மூன்றும் வேண்டும். தரம்பால் தரும் ஒவ்வொரு ஆவணத்திலும் தேதி இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு வருவாய் வாரிய நடவடிக்கைகளின் அட்டவணைத் தொகுதியைக் கேளுங்கள். கலெக்டர் கடிதம் எழுதிய நாளும், வாரியம் அதைப் பதிவு செய்த நாளும் வேறு வேறு. கட்டு அடுக்கியிருப்பது இரண்டாவது நாளின்படி. முதல் நாளைத் தேடிக் கிடைக்காமல் திரும்புவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சில வாரங்கள் தள்ளிப் பாருங்கள். பிரிக்கும்போது விளிம்பு உதிரும் தாளாக இருக்கும். பென்சிலால் மட்டும் குறிப்பெடுங்கள்.